ஹெல்மெட்டுக்குள் கேட்ட குரல்

என் கணவர் ஹெல்மெட் போட ஆரம்பித்ததைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட முட்டாள் நான். கல்யாணமானதிலிருந்து கெஞ்சியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று பீங்கான் கம்பெனியில் என் வேலை முடிந்ததும், அங்கேயே வாங்கிய அகல்விளக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். ஜங்ஷன் ரோட்டில் போகும்போது, "நாளைக்கு வந்துடறேங்க" என்றார்.

"எங்க வர்றீங்க?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்தால், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செல்போன் செருகியிருந்தது. கையில் வைத்துப் பேசினால் போலீஸ் பிடிக்கும். அதற்காகத்தான் இந்த ஹெல்மெட்!

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவருக்குக் கேட்கவில்லை. பேசியபடியே வண்டியை வலது பக்கம் திருப்பினார்.

"ஐயோ, லாரிங்க!" என்று கத்தி, சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சாலையோர மண்ணில் விழுந்தோம். லாரி எங்களை ஒட்டிக் கடந்து போனது. விளக்கெல்லாம் நொறுங்கிவிட்டது. என் முழங்கையில் ரத்தம்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "ஹலோ, ஹலோ" என்று ஒரு குரல். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணுமில்லைங்க, நீங்க சொல்லுங்க" என்றார் அவர்.

வீட்டில் நான் போட்ட சத்தத்தில், இனி வண்டியில் போன் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

மறுநாள் காலை, சொன்னபடியே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து நீட்டினேன்.

"அதான் போன் பேசலன்னு சொல்லிட்டேனே, அப்புறம் இது எதுக்கு?" என்றார்.

ஹெல்மெட்டோடு வாசலிலேயே நின்றேன். அந்தத் தலைமேல் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அக்கறை.