என்னைத் தவறவிட்ட சோதனை

ஜெர்மனியின் ஹம் நகரில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்களையெல்லாம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. வைரஸ் சோதனைக்கு ஓயாமல் விரட்டியவள் நான். கோயில் அன்னதான வரிசையிலும் அதே கதைதான். என்னைக் கண்டு பாதை மாறியவர்களும் உண்டு.

எனக்கு இரண்டு தடவையும் வைரஸ் இல்லை என்றே முடிவு வந்தது. பிறகு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டது. மருத்துவரிடம் ஓடினேன். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

"மிக அரிதாக, சிலவற்றை அந்தச் சோதனை காட்டாது. இரத்தம் பட்டதும் வந்தது நல்லது" என்றார் மருத்துவர்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்தேன். பக்கத்து வீட்டு ராணி அக்கா கஞ்சி கொண்டுவந்தார். அவருக்குச் சோதனைக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மின் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

"டெர்மினை நிப்பாட்டிப்போட்டன், தங்கச்சி. உமக்கே காட்டேல்லை. பிறகு நான் என்னத்துக்குப் போக?"

"அக்கா, கனபேருக்கு அது சரியாத்தான் காட்டும். என்னைப் போல ஆக்கள் குறைவு. போங்கோ அக்கா."

அவர், வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்த என் கையையே பார்த்தார்.

நான் சொன்னது உண்மை. அதைப் பொய்யாக்கிக்கொண்டு அவர் கண்முன்னால் கிடந்ததும் நான்தான்.