நாற்பத்தொன்றாம் வில்லை

அந்தத் தகர வில்லையை நினைத்தால் இன்றும் என் கை கூசும். உள்ளங்கையளவுகூட இருக்காது. மேலே ஒரு துளை, நடுவில் வெள்ளைப் பெயிண்டில் 41.

கல்வராயன் மலையடிவாரத்தில் நாங்கள் நடத்திய தனியார் பள்ளியில் பெருமைக்குரிய கட்டடம் எதுவும் கிடையாது. வாசல் சுவரில் ஆணி அடித்த ஒரு பலகை இருந்தது. காலையில் வரும் பிள்ளை தன் எண் போட்ட வில்லையை அதில் மாட்டும்; மாலையில் எடுத்துக்கொண்டு போகும். பலகை காலியானால்தான் பூட்டு. தலைமையாசிரியை அம்மா வைத்த வழக்கம் அது. "வில்லை தொங்குதுன்னா புள்ள உள்ள இருக்குதுன்னு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாதுங்க சார்" என்பார்.

அன்று பூட்டும் முறை என்னுடையது. மலைமேல் வானம் கறுத்துக் கிடந்தது. தியாகதுருகம் பஸ் ஹாரன் அடிக்கிறது. பலகையில் 41 மட்டும் தொங்குகிறது. இரண்டாம் வகுப்புச் சிறுமி, மறதிக்காரி. ஒருமுறை கூப்பிட்டேன், பதிலில்லை. மறந்து போயிருப்பாள் என்று நானே தீர்மானித்து, வில்லையைக் கழற்றிப் பையில் போட்டு, அறைகளைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். அப்படி என்ன தலைபோகிற அவசரமோ!

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் மழை கொட்டியது. முகம் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தேன். சாவிக்கொத்தோடு வில்லையும் மடியில் விழுந்தது. ஓடைப் பக்கத்து அறைப் படியில் சின்னதாக ஒரு ஜோடிச் செருப்பு கிடந்ததே! பார்த்துக்கொண்டேதான் பூட்டியிருக்கிறேன். பெருமழை பெய்தால் அந்த அறைக்குள் தண்ணீர் ஏறிவிடும். "அடப்பாவி" என்று என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன்.

படியெல்லாம் தண்ணீர். தலைமையாசிரியை அம்மா நனைந்தபடி ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுச் சிறுமியின் கையைப் பிடித்திருந்தார். "அழுவாத கண்ணு, சார் வந்துகினே இருக்காரு." சிறுமியின் அப்பா கடப்பாரையால் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். அவரை விலக்கிவிட்டுச் சாவியைப் போட்டுத் திறந்தேன். காய்ச்சலோடு பாய்ச் சுருள்களுக்கு நடுவே தூங்கிப்போயிருக்கிறாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா கேட்டார்: "இன்னா சார், பலகை காலியாத்தான இருந்திச்சு? அத்த நம்பி ஓடையில இல்ல தேடிக்கினு இருந்தேன்." அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் அம்மா பலகையில் புது ஆணிகள் அடித்தார். அன்றிலிருந்து ஆசிரியர்களுக்கும் வில்லை. முதல் வில்லை அவருடையது.

பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிய மாலையிலும் பூட்டும் முறை எனக்கே வந்தது. எல்லாரும் அவரவர் வில்லையை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுடையது தொங்கியது, அவர் வாசலைத் தாண்டிவிட்டார். கூப்பிட்டேன்.

"அது இருக்கட்டும். நான் எடுக்க மாட்டேன். நீங்களும் எடுத்துடாதீங்க சார்."

இப்போது அங்கே மக்காச்சோள மூட்டை அடுக்குகிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். பலகையில் துருவேறிய ஒரு வில்லை இன்னும் தொங்குகிறது. பள்ளியை மூடிய அன்று நான் பூட்டாமல் எடுத்துவந்த பூட்டு, சாவியோடு, என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.