பீர்க்கண்ணு ஆலிமின் துணிப்பொதி

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தெரிந்த மீன்காரியிடமும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். சொந்த உப்பாவை, அதாவது வாப்பாவின் வாப்பாவை, மட்டும் விட்டுவைப்பேனா?

தேங்காப்பட்டணத்தில் அவர் பீர்க்கண்ணு ஆலிம். மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பார். வாரத்தில் இரண்டு நாள் குழித்துறைக்கு நடந்து போய், வெள்ளைக்காரனைத் திட்டி ஒரு பத்திரிகை நடத்தினார். அதற்கு அச்சுக் கோர்த்தவர் யேசுரத்தினம். நாற்பத்திரண்டில், பெயர் போடாமல் வந்த ஒரு கட்டுரைக்காக இருவரையும் பிடித்தார்கள். உப்பா பதினேழாம் நாள் வீடு திரும்பினார். யேசுரத்தினம் இரண்டு வருடம் சிறையில் கிடந்து, காசநோயோடு வந்து செத்தார். அதன்பிறகு உப்பா பத்திரிகைக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஊர் வாசகசாலைக்கு உப்பாவின் பெயரை வைக்கக் கமிட்டி முடிவு செய்தது. யேசுரத்தினத்தின் பேரன் அல்போன்ஸ் மார்த்தாண்டத்திலிருந்து வந்துவிட்டார். அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டியிருப்பவர்.

"காட்டிக் குடுத்தவருக்க பேரையா வைக்கப் போறிய? எங்க தாத்தா எழுதுனாரு, உள்ள போனாரு. ஒங்க ஆலிம் எப்பிடி வெளிய வந்தாரு?"

கமிட்டிக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். நாற்பது வருடமாக என் மனதிலும் கிடந்த கேள்வி அது.

எங்கள் வீட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் உப்பாவின் பச்சைத் துணிப்பொதி இருக்கிறது. உள்ளே அரபு எழுத்தில் ஒரு நோட்டு. வருடா வருடம் நோன்புக்கு முன்னால் எடுத்து, முத்தமிட்டு, சாம்பிராணி காட்டி, வாசிக்காமலே திரும்ப வைப்போம். மார்க்கக் கிதாபு என்று நினைத்திருந்தோம். அன்று சாயங்காலம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுப் பிரித்து, ஒரு வரியை வாய்விட்டு ஓதினேன். காதில் விழுந்தது தமிழ். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதுவது வழக்கம்தான்.

வரிசையாக ஆள் பெயர், ஊர், தேதி. போலீசுக்குக் கொடுத்த பட்டியல் என்றே நினைத்தேன். பக்கத்தைப் புரட்டி, பெயருக்கு நேரே சந்தா வரவைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர்கள் ரகசியமாகப் பத்திரிகை வாங்கியவர்கள். சோதனை போட வந்த போலீஸ் ஏட்டு இதை வேதம் என்று எண்ணி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதையும் உப்பா அதில் எழுதியிருந்தார். அவர் ஒருநாள் ஏமாந்தார், நாங்கள் எண்பது வருடம்.

அத்தோடு மூடியிருக்கலாம். என் குணம் விடவில்லை. கடைசிப் பக்கத்தையும் படித்தேன்.

மறுநாள் அல்போன்ஸின் கடையில் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்:

"கட்டுரை நான் எழுதியது. யேசுரத்தினம், தானே எழுதியதாகப் போலீசிடம் சொல்லிவிட்டான். உனக்கு ஐந்து பிள்ளைகள், எனக்கு ஒன்று என்றான். நான் மறுத்துப் பேசவில்லை."

அல்போன்ஸ் சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தார்.

"அப்போ எங்க தாத்தா எழுதல்லியா?"

"எழுதல்ல. எழுதுனவரு வீட்டுக்கு வந்துட்டாரு."

வாசகசாலைக்கு யேசுரத்தினத்தின் பெயரை வைக்கச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர், "இன்னொருக்க வாசியும்" என்றார்.

வாசித்தேன். ஐந்து பிள்ளைகள் என்ற இடம் வந்தது. அதில் கடைசிப் பிள்ளை என் வாப்பா.