சந்தனம் பூசிய தெர்மாமீட்டர்

இரண்டு வருடம் முன்பு, ஆயுத பூஜை கழிந்த வாரம், வெம்பக்கோட்டை போகிற வழியில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்தது இது.

தராசும் தெர்மாமீட்டரும் சரியாகக் காட்டுகின்றனவா என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. படித்து வந்ததில்லை, இந்த வேலை தெரிந்த ஒருவர் கூடவே திரிந்து கற்றுக்கொண்டது. தீபாவளி சீசனில் ஓய்வே கிடையாது. 'நாக்குத் தள்ளிப்போச்சு' என்பார்களே, அன்று மதியம் அந்த நிலைமையில்தான் போய்ச் சேர்ந்தேன். ஒரு தராசைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் மனதில்.

கண்ணாடித் தெர்மாமீட்டர் தவறாகக் காட்டினால் அதைத் திருத்த முடியாது. எவ்வளவு தவறு என்று கண்டுபிடித்து, 'இதில் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள், அதில் இரண்டு கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவோம். முந்தின மாதம் அங்கே அப்படித்தான் சொல்லியிருந்தேன். நான் எழுதிக் கொடுத்த சீட்டு தொலைந்துபோகும் என்று ஃபோர்மேன் ஒவ்வொரு அறையிலும், தெர்மாமீட்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்துச் சுவரிலேயே பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். நல்ல யோசனை என்று நானும் மெச்சினேன்.

தராசு வேலை முடிந்து கிளம்பும்போது வெடிமருந்து அடைக்கும் அறை வாசலில் சற்று நின்றேன். உள்ளே நான்கு பெண்கள் வேலையாக இருந்தார்கள். சுவரில் தெர்மாமீட்டர் சந்தனம் குங்குமத்தோடு கல்யாணப் பெண் மாதிரி தொங்கியது. சிரிப்பு வந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது. பூஜைக்கு எல்லா அறைத் தெர்மாமீட்டரையும் கழற்றிச் சாமி முன்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். திரும்ப மாட்டினது யார்?

கழற்றி வெளியே கொண்டுவந்து குங்குமத்தைத் துடைத்தேன். அதன் மரப்பலகையில் முந்தின மாதம் நான் கீறியிருந்த அறை எண் தெரிந்தது. அது பக்கத்து அறையுடையது. சுவரில் எழுதியிருந்தது 'இரண்டு கழிக்கவும்'. ஆணியில் தொங்கியதோ இரண்டு கூட்ட வேண்டியது. கழற்றும்போது அது முப்பத்தாறு டிகிரி காட்டியது. முப்பத்து நாலுதான் என்று எண்ணிக்கொண்டு வேலை நடந்துகொண்டிருந்தது, உண்மையில் முப்பத்தெட்டு. சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், முப்பத்தாறைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்றி அறையைப் பூட்ட வேண்டும் என்பது அந்தக் கம்பெனி வைத்திருந்த விதி.

ஃபோர்மேனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணாச்சி, லோடு ஏத்த லாரி நிக்குது. இந்நேரம் பாத்து இப்படிச் சொல்றீகளே?"

"முதல்ல ஆள வெளிய அனுப்புங்க. அப்புறம் ஏங்கிட்ட இருக்குறத மாட்டிப் பாத்துக்கிடுவோம்."

கழுத்தைத் துடைத்தபடி லாரியைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார். நான்கு பேரும் வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். எண்ணிக்கைக் கூலி, நிறுத்தினால் அவர்களுக்குத்தான் நட்டம்.

"ஏ அண்ணாச்சி, வெயில் அடிக்குதுன்னு சொல்லவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீக?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காத இன்னொருவர் கேட்டார்: "நேத்தும் இதே சூடுதான். நேத்து எங்க போயிருந்தீக?"

பூஜை முடிந்ததிலிருந்து அந்த அறையில்தானே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை மாட்டிக் காத்திருந்தோம். முப்பத்தெட்டைத் தொட்டு நின்றது. ஃபோர்மேன் அறை அறையாகப் போய் எண் பார்த்து மாற்றி மாட்டினார். "இன்னைக்கு அம்புட்டுத்தான், வீட்டுக்குப் போங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தூக்குவாளிகளை எடுத்தார்கள்.

ஆட்களைக் கொண்டுவிடும் வேனை நோக்கி நடக்கும்போது, நேற்றைப் பற்றிக் கேட்டவர் என்னருகே நின்றார். "மொகத்த ஏன் தொங்கப் போட்டிருக்கீக? வெடிச்சிருமோன்னு நீங்க பயந்தது நெசமா பொய்யான்னு தெரியாமலே வீட்டுக்குப் போறோம். அது போதாதா?"

இப்போதெல்லாம் கூட்டல் கழித்தலைச் சுவரில் எழுத விடுவதில்லை. தகட்டில் பொறித்துத் தெர்மாமீட்டர் கழுத்திலேயே கம்பியால் கட்டிவிடுகிறேன். நேற்று எங்கே போயிருந்தீர்கள் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் பயந்தது சரிதான் என்று யாருக்கும் ஒருநாளும் தெரியவராமல் போவதற்காகத்தான் இப்படி அலைகிறேன் என்பது மட்டும் அந்த வேப்பமரத்தடியில் எனக்குப் புரிந்தது.