முதுகில் இருந்த முகம்

முருகனை நம்பி வாழும் என் அக்கா தங்கச்சிமாரே, அண்ணன்மாரே! போன ஆடி மாதம் இலங்கையில் ஒரு போலீஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இனி என் பிள்ளையைப் பார்ப்பேனா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எனக்கு ஊர் மதுரை வில்லாபுரம். மகள் வயிற்றில் கரு தங்காமல் கலைந்துகொண்டே இருந்தது. மறுபடி உண்டானதும், நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று இலங்கையில் இருக்கும் கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு, என் நாத்தனார் பேச்சியோடு யாத்திரை போனேன்.

அதற்கென்றே கலம்காரித் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்திருந்தேன். முதுகு முழுக்கப் புத்தர் முகம். நம் ஊர் கல்யாண வீடுகளில் எத்தனை பேர் போடுகிறார்கள்! அழகுக்குத்தான் போட்டேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை.

கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே புத்த விகாரையும் இருக்கிறது. வெள்ளை உடுத்திய கூட்டம் பூத்தட்டோடு போய்க்கொண்டிருந்தது. நான் நடக்க நடக்க முதுகுக்குப் பின்னால் சத்தம் கூடியது. பாஷை புரியவில்லை. திருடி என்று நினைத்துவிட்டார்களோ என்று பையைத் திறந்து காட்டினேன். திட்டு இன்னும் கூடியது. எனக்கும் வாய் சும்மா இருக்காதே!

"என்னய்யா, என்ன செஞ்சுட்டேன்னு இந்தக் குதி குதிக்கிறீக?" என்று நானும் கத்தினேன். ஒரு புத்த பிக்கு போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்.

நிலையத்துப் பெஞ்சில் சாய்ந்து உட்காரப் போனேன். தமிழ் பேசும் ஒரு பெண் போலீஸ் பதறி ஓடி வந்தார்.

"ஐயோ, சாயாதேங்கோ அம்மா! இவையள் கும்பிடுற சாமியின்ட முகம் உங்கட முதுகில இருக்கு. இங்க இது குற்றம். கோட்டுக்குப் போனால் மறியல்லதான் வைப்பினம்."

கோட்டு என்றால் கோர்ட்டாம், மறியல் என்றால் சிறையாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி. எங்க ஊர்ல எல்லாரும் போடுறதுதான்."

"இது உங்கட ஊர் இல்லை அம்மா. பிணைக்கு நிக்க இங்க ஆராவது இருக்கினமா?"

யார் இருக்கிறார்கள்? மறுநாள் விமானம். பாஸ்போர்ட் அவர்கள் மேசையில். பேச்சி, "மதினி, அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று ஒப்பாரி வைத்தாள்.

நான் முருகனிடம் சண்டைக்கே போய்விட்டேன். "ஏப்பா, ஒன்னயப் பாக்கத்தான வந்தேன்? ஒன் வாசல்லயே புடிச்சுக் குடுத்துட்டியே! எம் மக பிரசவத்துக்கு யாரு இருக்கா? இந்த ஊர்ல ஒன்னைத் தவிர யாரத் தெரியும் எனக்கு?"

அழுது ஓய்ந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது. நம் கோயிலுக்குள் ஒருத்தி முருகன் முகத்தை முதுகில் போட்டு நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் நான் சும்மா விடுவேனா? அந்த நினைப்பையும் அவன்தான் கொடுத்தான் என்று நம்புகிறேன்.

பேச்சியின் மாற்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். கழற்றியதைத் தரையில் வைக்கவா? ஆள் உட்காரும் பெஞ்சில் வைக்கவா? மனசு வரவில்லை. மடித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

புகார் சொன்ன பிக்கு உள்ளே வந்தார். காலைப் பிடிக்கக் குனிந்தேன். "பெண்கள் அவரைத் தொடக்கூடாது!" என்று பெண் போலீஸ் தடுத்தார். அதுவும் எனக்குத் தெரியவில்லையே! தள்ளி நின்று, "பெரிய தப்பு சாமி. மன்னிச்சிருங்க" என்று தேம்பினேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"ஆரைக் கும்பிட வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்" என்றார் பெண் போலீஸ்.

"முருகனத்தான்."

 அதற்குப் பிக்கு சொன்னதைப் பெண் போலீஸ் தமிழில் சொன்னார்.

"கதிர்காமத்தானைத் தாங்களும் கும்பிடுறவையாம். அவரின்ட வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தான் மறியலுக்கு அனுப்பமாட்டாராம்."

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போலீசாரும் எச்சரித்துப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். அந்த ஜாக்கெட்டைப் பிக்கு தன்னிடம் கொடுக்கச் சொன்னார். பெண் கையிலிருந்து நேராக வாங்கமாட்டார் என்பதால், ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னார். ஜாக்கெட்டை அதில் வைத்துக் கும்பிட்டேன்.

ஐப்பசியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் கூட இருந்தேன். வெளிநாடு போகிறவர்களே, அங்கே என்ன வாங்கலாம் என்று கேட்கும் முன்னால், அந்த ஊர்க்காரர்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது கோபப்பட்டால், என்னை மாதிரி எகிறாதீர்கள். வழியே தெரியாமல் நின்றால் முருகனிடம் அழுங்கள், சண்டை போடுங்கள். அவன் கைவிடமாட்டான்.

கதிர்காமத்தில் மூலவரைப் பார்க்க முடியாது, திரைதான் தொங்கும். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "அம்புட்டுத் தூரம் போயும் சாமியப் பாக்காம வந்துட்டியேடி" என்று வருத்தப்பட்டார்.

"பாத்தேன்க்கா" என்றேன். "போலீஸ் ஸ்டேஷனுக்குக் காவி கட்டி வந்தாரு."