சாமி பேர் சொல்ல இடைவெளி இல்லை

ஆனந்தராஜ் எங்கள் செராமிக் யூனிட்டில் அச்சில் களிமண் ஊற்றிப் பொம்மை எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமையானால் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிளப் குத்தகைக்கு எடுத்திருக்கும் தரிசில் மாடல் ஏரோபிளேன் விடுவான். தெர்மாகோலில் அவனே செய்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு வானத்தில் அதைக் குட்டிக்கரணம் போட வைப்பான், மல்லாக்கப் பறக்க வைப்பான்.

கிளப்பில் அவனைக் கண்டாலே ஆகாது. வருஷா வருஷம் நடக்கும் போட்டியில், கீழ்ப்படியான முதல் பிரிவில் இரண்டு தடவை ஜெயித்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டு தடவையும் தோற்றவன் அஸ்வத், கிளப் தலைவர் வெங்கடகிருஷ்ணனின் மகன்.

"ரெண்டு தடவ ஜெயிச்சவன் கீழ் கிளாஸுல நிக்கக் கூடாது. ரெண்டாவதுல ஏறு. அதுல பாதி மார்க்கு வாங்கலன்னா கிளப்பு பக்கமே வராத. போயி களிமண்ணு பெசை" என்றார் தலைவர்.

துரத்துவதற்காகத்தான் ஏற்றிவிட்டார். இந்தப் பக்கத்தில் பிளேன் விட வேறு இடமும் கிடையாது.

முதல் பிரிவில் நடுவர் முன்னால் ஒரு வித்தை காட்டிவிட்டு, பிளேன் தூரமாகப் போய்த் திரும்பும்வரை மூச்சு விட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் ஓரத்தில் திரும்புவதே ஒரு வித்தை, அதற்கும் மார்க்கு. ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. தவறினால் முட்டை.

விடுகிறவன் வானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று அடுத்த வித்தையைச் சொல்வது வழக்கம். ஆனந்தராஜுக்கு அவன் மனைவி கயல்விழி சொல்லுவாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "பழமலைநாதா" என்று எங்கள் ஊர்க் கோயில் சாமியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். முதல் பிரிவில் அதற்கு நேரம் இருந்தது.

போட்டியன்று இரண்டாம் பிரிவின் முதல் சுற்றில், "பழமலைநாதா, மல்லாக்க" என்று அவள் முடிப்பதற்குள் பிளேன் இடத்தைத் தாண்டிவிட்டது. அடுத்ததும் அப்படியே. முட்டை மேல் முட்டை.

"அக்கா, அர்ச்சனைக்கா வந்தீங்க?" என்று அஸ்வத் விசிலடித்தான்.

"சாமி வந்து மார்க்கு போடாதும்மா" என்றார் அவன் அப்பா.

கயல்விழியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனந்தராஜ் திட்டவில்லை. "இன்னொரு சுத்து இருக்குது. ரெண்டுல நல்லதத்தான் எடுப்பாங்க. நான் ஒண்ணு போட்டுகினு இருக்கும்போதே அடுத்தத சொல்லிடு."

"அப்ப சாமிய வுட்டுடறதாங்க?"

"எறங்கினப்புறம் மொத்தமா சொல்லிக்க."

இரண்டாம் சுற்றில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "மேல. திருப்பு. மல்லாக்க. நேரா." பிளேன் மல்லாக்க வரும்போது அஸ்வத் கார் ஹாரனை அழுத்தினான். பிளேன் ஒரு குலுங்கு குலுங்கியது. ஆனந்தராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவர் மார்க்கைச் சொன்னார். கடைசி இடம்தான், ஆனால் பாதியைத் தாண்டியிருந்தது.

தலைவர் கை கொடுக்கவில்லை. "அடுத்த வருஷம் மூணாவதுக்கு ஏத்தறேன் பாரு. அங்க நாறிப்போவ."

"ஏத்துங்க சார். நானும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

கயல்விழி இது எதையும் காதில் வாங்கவில்லை. ஊர் இருக்கும் திசை பார்த்துக் கைகூப்பி, விட்டுப்போன "பழமலைநாதா"வையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முடியலயாடி?"

"இருங்க. அந்தத் தலைவருக்கும் ஒண்ணு வேண்டிக்கணும்."

"அந்தாளுக்கா?"

"வாயி அடங்கட்டும்னு."