ஸ்டைனாரின் மிதக்கும் மீனும் ஓட்வாரின் கழுகும்

ஓட்வாருக்கு நகராட்சி கொடுத்திருந்த வேலை, குளிர்காலத்தில் சாலையில் கிடக்கும் பனியைத் தள்ளுவதும் கோடையில் கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டுவதும்தான். எந்தப் பருவத்திலும் பார்வை தரையை விட்டு எழும்ப வழியில்லை. அவருக்கு வானத்தின் மேல் பித்துப் பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பித்து கடற்கழுகின் மேல். பாறையில் குந்தியிருக்கும்போது அது நனைந்த கம்பளி மூட்டைதான். சிறகுக்கடியில் காற்று நுழைந்துவிட்டால் போதும், ஒரு முறைகூட அடித்துக்கொள்ளாமல் அவ்வளவு பெரிய உடம்பு எடையை மறந்துவிடும். அது எப்படி என்று ஓட்வாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விளங்காததைப் படமாகவாவது வைத்துக்கொள்ளலாம் என்று கேமரா வாங்கினார்.

அந்த நார்வேக் கடற்கரையில் கழுகைப் படம்பிடிப்பது ஒன்றும் கம்பசூத்திரமில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் ஸ்டைனாரின் படகில் ஏறினால் ஆயிற்று. ஸ்டைனார் விசிலடிப்பான்; செத்த மீனின் வாயில், பழைய வலை மிதவையிலிருந்து வெட்டிய ஆரஞ்சு நிற நுரைத் துண்டைத் திணித்து எறிவான். மீன் மிதக்கும், கழுகு இறங்கும், இருபுறமும் கேமராக்கள் படபடக்கும். ஜெர்மனிக்காரர்கள் கண்ணீர் விடுவார்கள்.

ஓட்வார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ரொட்டித் துண்டுகளைத் தாளில் பொதிந்துகொண்டு, தன் சின்னப் படகில் தனிப்பாறைக்குப் போய், வலைக்கூடாரத்துக்குள் மழையில் ஊறிக்கொண்டு காத்திருப்பார். விடுமுறை நாளெல்லாம் இப்படியே போயிற்று.

“இன்னைக்கும் வாலு மட்டும்தானா?” என்பாள் மனைவி சிக்னே.

“கழுத்து வரைக்கும் வந்துருக்கு.”

“தலை?”

“அது படத்துக்கு வெளிய இருக்கு.”

ஊரில் அவருக்கு ‘வாலு ஓட்வார்’ என்ற பட்டமும் தாமதமில்லாமல் கிடைத்தது.

பட்டம் பெற்றவர் சும்மா இருக்க முடியுமா? புகைப்படச் சங்கக் கூட்டத்தில் எழுந்து ஒரு விதி கொண்டுவந்தார்: தீனி போட்டு வரவழைத்த பறவையின் படம் சங்கத்துச் சுவரில் தொங்கக் கூடாது; எடுத்த படத்தில் எதையும் அழிக்கவும் கூடாது. தட்டில் வாஃபிள் ஆறிக்கொண்டிருந்ததால் யாரும் எதிர்க்கவில்லை. ஸ்டைனாரின் படகில் எடுத்த அழகழகான படங்கள் அத்தனையும் அன்றே சுவரிலிருந்து இறங்கின. காலியான சுவருக்கு நேர்மையான கழுகு ஒன்றைக் கொண்டுவரும் பொறுப்பு ஓட்வாரின் தலையில் விழுந்தது. கேலி இரட்டிப்பானது.

ஏப்ரலில் ஒரு நாள் கழுகு வந்தது. பாறையின் முன்னால் தண்ணீரைக் கீறி எதையோ தூக்கிக்கொண்டு, நேராக அவரைப் பார்த்தே எழுந்தது. சிறகு விரிந்ததில் எதிர்க்கரை மலை காணாமல் போயிற்று. அந்தக் காற்று முகத்தில் அடித்தது. விரல் தானாக அழுத்தியதே தவிர, ஓட்வார் அழுத்தவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார், ஜெர்மனிக்காரர்களைப் போலவே.

தலை, சிறகு, வால், எல்லாம் படத்துக்குள் இருந்தன. சிக்னே வெகுநேரம் பார்த்தாள். “மன்னிச்சுக்க ஓட்வார், நான் ரொம்பத்தான் கிண்டல் பண்ணிட்டேன்” என்றாள். இந்த வாசகத்துக்காகவே அவர் இன்னும் சில வருடங்கள் நனைந்திருப்பார்.

ஊர் மண்டபத்தில் படம் கதவளவுக்குத் தொங்கியது. காபி, வாஃபிள், பழுப்புச் சீஸ். சங்கத் தலைவி பெரித் சொற்பொழிவாற்றினாள். அப்போது ஸ்டைனார் வாயில் வாஃபிளோடு படத்துக்கு மிக அருகில் போனான்.

“அட, நம்ம மீனு!”

“எது உன் மீனு?”

“வாயப் பாருப்பா. ஆரஞ்சுத் துண்டு. முந்தின நாள் எறிஞ்சதுல ஒண்ணு யாரும் எடுக்காம மிதந்து போச்சு. உன் பாறைக்கா வந்துச்சு?”

வீட்டுக் கணினித் திரையில் ஓட்வார் அதை ரத்தம் என்று நினைத்திருந்தார். சிறகை விட்டு வேறெதையும் பார்த்திருந்தால்தானே.

பெரித் அவரை ஓரமாக இழுத்தாள். “ஒரு நிமிஷ வேலை. அழிச்சுட்டு மறுபடி மாட்டிடலாம். யாரு கேக்கப் போறா?”

“அழிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“எந்த மடையன் போட்ட விதி அது?” என்றவள், பாதியில் நினைவு வந்து காபியைக் குடித்தாள்.

ஓட்வாரே நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினார். சிரிக்காமலிருக்க ஊரே பாடுபட்டது. அதைச் சிரிப்பைவிடப் பெரிய தண்டனை என்று சொல்லலாம். வாசலில் ஸ்டைனார் உண்மையான பாசத்தோடு தோளில் கைபோட்டான். “எனக்குக் குடுத்துடேன். படகுத்துறையில மாட்டுறேன். இந்த மாதிரிப் படம் என் படகுல ஒருத்தனும் எடுத்ததில்ல.”

கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனால் சிக்னே பரிதாபப்படுவாள். அதற்கு வாலே மேல்.

மறுநாள் பழக்கதோஷத்தில் பாறைக்குப் போனார். கழுகு மறுபடி வந்தது. முன்னைவிடத் தாழ்வாக, வெயில் சிறகினூடே தெரியும்படி, நேராக அவரை நோக்கி. ஓட்வார் கேமராவைத் தூக்கினார்.

தூரத்தில் ஸ்டைனார் விசிலடித்தான்.

அந்தரத்திலேயே ஒரு சிறகைத் தாழ்த்தி, இறகுகூட அசையாமல், கழுகு திரும்பியது. அப்படியொரு திரும்பலை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. எடுத்த படத்தில் வால் இருந்தது.